காந்தியடிகளின் இரத்தக் கொதிப்பு சொல்லும் பாடம்



நம் பங்குகளில் வீடு சந்திக்கச் செல்லும்போது இரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வருகிறது. நான் ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு எங்கிருந்து பிரஷர் வரும் என்பார் ஒருவர். புகை இல்லை, மது இல்லை, தினமும் நடக்கிறேன், எனக்கு வராது என்பார் இன்னொருவர். எனக்கு ஒரு தலைவலிகூட இல்லை, எதற்காகச் சோதிக்க வேண்டும் என்பார் மற்றொருவர். இந்த மூவருக்கும் பதிலாக ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக் காட்டலாம். அவர் நம் எல்லோருக்கும் தெரிந்தவர்: மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த அவர், உடல் கட்டுப்பாட்டில் துறவிகளையும் வியக்கச் செய்தவர். புலால் உண்ணாதவர். மதுவையும் புகையிலையையும் தவிர்த்தவர். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த காலத்தில் உப்பையும் பருப்பையும்கூட விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தவர். நாள்தோறும் பல மைல் நடந்தவர். 1930ஆம் ஆண்டு தண்டியை நோக்கி ஏறக்குறைய 240 மைல் தூரத்தை 24 நாட்களில் நடந்து கடந்தபோது அவருக்கு வயது 60. எழுபது வயதில் அவருடைய உயரம் 165 செ.மீ., எடை 46.7 கிலோ என்று பதிவு இருக்கிறது. இன்றைய மருத்துவக் கணக்கில் இது இயல்பைவிடக் குறைவான எடை.

அப்படிப்பட்ட மனிதருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. கொஞ்சநஞ்சம் அல்ல, மருத்துவர்களை அச்சுறுத்தும் அளவுக்கு இருந்தது.

நம் அண்டை மலையில் ஓர் ஓய்வு

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் கதர் இயக்கத்துக்காக மராட்டியப் பகுதிகளில் ஓயாமல் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார் காந்தியடிகள். ஒரு நாளில் பல கூட்டங்கள், தூக்கமில்லாத இரவுகள், கோடை வெயில். மாத இறுதியில் கோலாப்பூர் பகுதியில் அவர் உடல் தளர்ந்து விழுந்தது. பரிசோதித்த மருத்துவர்கள் இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுவிடுமோ என்று அஞ்சினார்கள். பயணங்கள் நிறுத்தப்பட்டன. முழு ஓய்வு கட்டாயம் என்று சொல்லப்பட்டது.

ஓய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் நமக்கு அந்நியமானது அல்ல. அன்றைய மைசூர் அரசில் இருந்த நந்தி மலைதான் அது. ஓசூரிலிருந்து பெங்களூரைக் கடந்து வடக்கே போனால் ஏறக்குறைய 100 கி.மீ. தூரம். நம் பகுதி இளைஞர்கள் விடுமுறை நாளில் சூரிய உதயம் பார்க்க மோட்டார் சைக்கிளில் போகும் அதே மலை. 1927 ஏப்ரலில் காந்தியடிகளும் கஸ்தூரிபாயும் அங்கே வந்து சேர்ந்தார்கள். உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ராஜாஜி, நம் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். ஜூன் மாதத் தொடக்கம் வரை மலையில் தங்கிய பின், பெங்களூரில் குமர பார்க் பகுதியில் ஓய்வு தொடர்ந்தது. ஆகஸ்டு இறுதியில்தான் அவர் தமிழ்நாட்டுப் பயணத்தைத் தொடங்க முடிந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். 1909இல் எழுதிய நூல் ஒன்றில் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் மிகக் கடுமையாகக் கண்டித்தவர் காந்தியடிகள். இயற்கை வைத்தியத்திலும் மண் பட்டியிலும் நீர்ச் சிகிச்சையிலும் நம்பிக்கை வைத்தவர். ஆனாலும் கருவி காட்டிய எண்ணை அவர் பொய் என்று தள்ளவில்லை. மருத்துவர்கள் கைப்பட்டையைச் சுற்றியபோது கையை நீட்டினார். அவர்கள் சொன்ன ஓய்வை ஏற்றுக்கொண்டார். உண்மையைத் தேடிய மனிதர், தம் உடலைப் பற்றிய உண்மையையும் ஏற்றார்.

அந்தக் கருவி என்ன செய்கிறது?

அந்தக் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. இரத்தத்துக்கு ஓர் அழுத்தம் உண்டு என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஒரு குருவானவர். இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். அந்த ஆய்வை 1733இல் வெளியிட்டார். மனிதர்களுக்கு அப்படிச் செய்ய முடியாது அல்லவா? 1896இல் இத்தாலியில் ஷிப்பியோனே ரீவா-ரோச்சி என்ற மருத்துவர், கையில் சுற்றும் காற்றுப் பட்டையையும் பாதரசக் குழாயையும் இணைத்து ஒரு கருவியை உருவாக்கினார். 1905இல் ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் கொரட்கோவ், அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கும் முறையைக் கண்டுபிடித்தார்.

பட்டையில் காற்றை நிரப்பும்போது கையின் இரத்தக் குழாய் நசுங்கி இரத்த ஓட்டம் நிற்கிறது. பிறகு காற்றை மெல்ல விடுகிறார்கள். இரத்தம் மீண்டும் பாயத் தொடங்கும் கணத்தில் தட்டுவது போன்ற ஓர் ஓசை கேட்கிறது. அதுதான் மேல் எண். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் அது. காற்று இன்னும் குறையும்போது ஓசை மறைகிறது. அதுதான் கீழ் எண். இதயம் தளர்ந்து இளைப்பாறும்போது உள்ள அழுத்தம். 120/80 என்று சீட்டில் எழுதித் தருவது இதைத்தான். இன்று வீட்டில் பயன்படுத்தும் டிஜிட்டல் கருவிகள் ஓசைக்குப் பதிலாக இரத்தக் குழாயின் அதிர்வைக் கொண்டு கணக்கிடுகின்றன. ஆனால் அடிப்படை அதே பட்டைதான்.

எண்கள் சொன்ன கதை

நந்தி மலை ஓய்வோடு காந்தியடிகளின் நோய் முடிந்துவிடவில்லை. 1935 டிசம்பரில் வார்தாவில் மீண்டும் உடல் தளர்ந்தது. 1936 மே மாதத்தில் அவர் மறுபடியும் நந்தி மலைக்கு வந்து தங்கினார். அப்போது சர்தார் பட்டேலும் உடனிருந்தார். அவருடைய மருத்துவக் குறிப்புகள் டெல்லியில் உள்ள தேசிய காந்தி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டன. அவருடைய 150ஆம் பிறந்த ஆண்டையொட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ் 2019இல் அவற்றைச் சிறப்பிதழாக வெளியிட்டது. அதன்படி 1937 அக்டோபர் 26ஆம் நாள் அவருடைய இரத்த அழுத்தம் 194/130. 1940 பிப்ரவரி 19ஆம் நாள் 220/110.

இந்த எண்களின் பொருள் என்ன? மருத்துவமனையில் அளக்கும்போது மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் என்று வெவ்வேறு நாட்களில் திரும்பத் திரும்பக் காட்டினால், அது உயர் இரத்த அழுத்தம் என்று நம் நாட்டு மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். அமெரிக்க மருத்துவர்கள் 2017 முதல் 130/80 என்ற எல்லையை வைத்திருக்கிறார்கள். எந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தாலும் காந்தியடிகளின் எண்கள் மிக ஆபத்தானவை.

ஏன் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்? இரத்த அழுத்தம் நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை. காந்தியடிகளின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. கடினமான பேச்சுவார்த்தை நடந்த நாளில், மனம் நொந்த நாளில் அது ஏறியது. மௌனத்திலும் ஓய்விலும் இறங்கியது. ஆகவே ஒரே ஒருமுறை அளந்து நோய் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது, இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சிலருக்கு மருத்துவரைப் பார்த்தவுடன் படபடப்பில் எண் ஏறும். வீட்டில் இயல்பாக இருக்கும். வேறு சிலருக்கு மருத்துவமனையில் சரியாகக் காட்டும். வேலைத்தளத்திலும் வீட்டிலும் ஏறியிருக்கும். இந்த இரண்டாம் வகைதான் ஏமாற்றக் கூடியது. அதனால்தான் ஐயம் இருந்தால் வீட்டிலேயே சில நாட்கள் காலையும் மாலையும் அளந்து எழுதி வரச் சொல்கிறார்கள். வீட்டு அளவுக்கு எல்லை 135/85. சிலருக்கு 24 மணி நேரமும் தானே அளக்கும் கருவியைக் கையில் கட்டி அனுப்புவதும் உண்டு.

உயர் அழுத்தம் உறுதியானால் மருத்துவர் அதோடு நிற்பதில்லை. சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா, சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு, இதயத்தின் இ.சி.ஜி. எப்படி என்று பார்க்கிறார். தேவைப்பட்டால் கண்ணின் விழித்திரையையும் பார்க்கிறார். அழுத்தம் எந்த உறுப்பையாவது ஏற்கெனவே கெடுத்துவிட்டதா என்று அறியவும், சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு நோயின் விளைவாக அது வந்ததா என்று கண்டுபிடிக்கவும் இந்தச் சோதனைகள் உதவுகின்றன. மருத்துவமனைக்காரர்கள் பணம் பறிக்கச் சொல்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

நோய் பாவத்தின் தண்டனையா?

இறைமக்களே, காந்தியடிகள் தம் இரத்த அழுத்தத்தை ஓர் ஆன்மீகக் கேள்வியாகவும் பார்த்தார். தம் மனம் முழுமையாகப் பற்றற்ற நிலையை அடைந்திருந்தால் அழுத்தம் இப்படி ஏறாது, இது தம் உள்ளக் குறைபாட்டின் அடையாளம் என்று அவர் கருதினார். அந்தத் தாழ்ச்சியை நாம் மதிக்கிறோம். மலைப்பொழிவை நேசித்தவர் அவர். 1931 டிசம்பரில் உரோமை நகருக்குச் சென்றபோது சிஸ்டைன் ஆலயத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தின் முன் நெகிழ்ந்து நின்றவர்.

ஆனால் இந்த ஒரு கருத்தில் நம் ஆண்டவரின் போதனை நம்மை வேறு திசையில் அழைத்துச் செல்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டபோது, இவருடைய பாவமும் அல்ல, இவருடைய பெற்றோரின் பாவமும் அல்ல என்று இயேசு தெளிவுபடுத்தியதை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மனக்கவலை இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது உண்மை. ஆனால் மரபு, வயது, உப்பு, சிறுநீரகத்தின் நிலை எனப் பல காரணங்கள் ஒன்று சேர்ந்துதான் இந்நோய் வருகிறது. செபிக்கிறவருக்கும் வரும். தூயவருக்கும் வரும். காந்தியடிகளைப் போன்ற கட்டுப்பாடு உள்ளவருக்கே வந்தது என்றால், அது ஒழுக்கத்துக்கு வைக்கப்படும் தேர்வு அல்ல என்பது விளங்கவில்லையா?

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம்மில் சிலர் குணமளிக்கும் வழிபாட்டில் பங்கேற்ற பிறகு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று நினைக்கிறார்கள். வேறு சிலர் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகும் நாட்களிலும் தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கும் நாட்களிலும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளுக்கு நோயில் பூசுதல் கொடுக்கப் போன அனுபவம் எந்தப் பங்குத்தந்தைக்கும் இருக்கும். பேச்சு இழுத்து, ஒரு கை ஒரு கால் விழுந்து கிடக்கும் தந்தை. கட்டிலைச் சுற்றி நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். மருத்துவரை மதிக்க வேண்டும், அவரையும் படைத்தவர் ஆண்டவரே, மருந்தை நிலத்திலிருந்து விளையச் செய்தவரும் அவரே என்பதுதான் சீராக் ஞானநூலின் 38ஆம் அதிகாரம் தரும் படிப்பினை. செபமும் மாத்திரையும் பகைவர்கள் அல்ல.

கவனித்தவரும் கவனிக்கப்படாதவரும்

பிற்காலத்தில் காந்தியடிகளின் உடல்நலத்தைப் பார்த்துக்கொண்டவர் மருத்துவர் சுசீலா நய்யார். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்த இவர், சேவாகிராமத்திலும் பின்னர் ஆகாகான் மாளிகைச் சிறைவாசத்திலும் உடனிருந்தார். அந்தக் காலத்தில் இன்றுபோல் நல்ல மாத்திரைகள் இல்லை. ஓய்வு, நடை, எளிய உணவு, பூண்டு, மண் பட்டி ஆகியவற்றோடு, நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவையும் காந்தியடிகள் உட்கொண்டதாக அறிகிறோம். அந்த மூலிகை இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

ஆகாகான் மாளிகையில் ஒரு துயர நிகழ்ச்சி நடந்தது. ஏறக்குறைய 25 ஆண்டுகள் காந்தியடிகளின் செயலராக இருந்து, அவருடைய உணவு, உறக்கம், ஓய்வு அனைத்தையும் கண்ணும் கருத்துமாகக் கவனித்தவர் மகாதேவ் தேசாய். 1942 ஆகஸ்டு 15ஆம் நாள் காலையில் அவர் திடீரென்று மயங்கி விழுந்து, மாரடைப்பால் இறந்தார். வயது 50. தாம் காத்து வந்த பெரியவரைவிட 22 வயது இளையவர். நம் குடும்பங்களிலும் இது நடக்கிறது அல்லவா? மாமனாருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகள், தன் கையில் ஒருநாளும் பட்டை சுற்றிப் பார்த்ததில்லை. கணவரை மாதம் தவறாமல் பரிசோதனைக்கு அனுப்பும் தாய், தன் தலைசுற்றலைச் சமையலறையிலேயே மறைத்துக்கொள்கிறாள்.

அதே காலத்தில் அமெரிக்காவின் அதிபராக இருந்தவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட். உலகின் சிறந்த மருத்துவர்கள் அருகில் இருந்தார்கள். 1944 மார்ச்சில் அவருடைய அழுத்தம் 186/108. ஆனால் அவர் நலமாக இருக்கிறார் என்றே மக்களுக்குச் சொல்லப்பட்டது. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு 63 வயதில் இறந்தார். அன்றைக்கு அவரைக் காப்பாற்றப் போதிய மருந்துகள் இல்லை. நம்மிடமோ இருக்கின்றன. அதனால் நம் பொறுப்பு பெரிது.

காந்தியடிகள் 1948 ஜனவரி 30ஆம் நாள் தம் 78ஆம் வயதில் இறந்தார். அவரைக் கொன்றது இரத்தக் கொதிப்பு அல்ல, துப்பாக்கிக் குண்டு. முதல் எச்சரிக்கை கிடைத்த பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல் அவர் உழைத்தார். நோய் இருப்பதை அறிந்ததும், அறிந்தபடி வாழ்க்கையை ஒழுங்குபடுத்தியதும் அவருக்கு உதவின என்று நாம் நம்பலாம்.

நாம் செய்ய வேண்டியது

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வின்படி நம் நாட்டில் 31 கோடிக்கும் அதிகமானோருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு பார்க்கும் இளைஞர்களே, மாந்தோப்பிலும் ரோஜாத் தோட்டத்திலும் உழைக்கும் பெற்றோரே, 30 வயதைக் கடந்த எவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்து பாருங்கள். இதற்குச் செலவு இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக அளக்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். வீடு தேடி வந்து அளந்து மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழ்நாட்டுக்கே தொடங்கப்பட்ட இடம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அளக்கும் முறையும் முக்கியம். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, காப்பி, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கையை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் வையுங்கள். பட்டை சட்டைத் துணியின்மேல் அல்ல, வெறும் கையில், கைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. ஓரிரு நிமிட இடைவெளி விட்டு இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். முதல் தடவை இரண்டு கைகளிலும் பார்ப்பது நல்லது. எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 180/120க்கு மேல் காட்டி, அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஏதேனும் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். கருவுற்ற தாய்மார்கள் ஒவ்வொரு பரிசோதனையிலும் தவறாமல் அளந்துகொள்ள வேண்டும்.

பங்குப் பேரவையும் அன்பியங்களும் ஒரு காரியம் செய்யலாம். ஞாயிறு திருப்பலி முடிந்தபின் அருகிலுள்ள செவிலியர் ஒருவரின் உதவியோடு ஆலய வளாகத்தில் ஒரு மேசை போட்டு அளக்கலாம். வரத் தயங்கும் பெண்களையும் முதியோரையும் அன்பியத்தார் அழைத்து வரலாம். பாதயாத்திரைக்குப் பெயர் கொடுக்கும் நாளில் அனைவருக்கும் அளந்து, மாத்திரையைப் பையில் வைத்தாயிற்றா என்று கேட்கலாம். தவக்காலத்தில் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைப்பதும் நல்ல தவமுயற்சியே.

நம் உடல் தூய ஆவியார் குடிகொள்ளும் கோவில் என்று பவுலடியார் நமக்குக் கற்பித்திருக்கிறார். கோவிலின் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது கோவிலின்மேல் நம்பிக்கை இல்லாத செயல் ஆகுமா? உண்மையைக் கண்டு அஞ்சாமல் கையை நீட்டிய காந்தியடிகளைப் போல நாமும் கையை நீட்டுவோம். கிடைக்கும் எண் எதுவாயினும், அதை ஆண்டவரிடம் செபத்திலும் மருத்துவரிடம் சீட்டிலும் கொண்டு செல்வோம்.

நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக. இறைவன் உங்கள் இல்லங்களில் உள்ள ஒவ்வொருவரையும் உடல் உள்ள நலத்தோடு காப்பாராக. ஆமென்.